சிரிஞ்சைப் பகிராதவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் சி: விழிப்புணர்வுப் பேச்சில் எதை விட்டுவிடுகிறோம்?

களப்பணி_யாழ் கேட்டது:

வணக்கம். ஊசி மூலம் போதை எடுப்பவர்களிடம் பேசுவதற்கான விளக்கக் குறிப்பு ஒன்றைத் தயார் செய்கிறோம். அதில் ஹெபடைட்டிஸ் சி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பகுதிதான் இடிக்கிறது. எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஹெபடைட்டிஸ் சி என்றதும், "மஞ்சள் காமாலைதானே, வந்தா கண்ணு மஞ்சளாகும், தெரிஞ்சுடும்" என்கிறார்கள். இல்லாவிட்டால், "எங்க செட்டுல எல்லாருக்கும் இருக்கும், அதுக்கு மருந்தே கிடையாது" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

விவரம் தெரிந்தவர்களிடம் சில கேள்விகள். சிரிஞ்சை யாருக்கும் கொடுப்பதில்லை, யாரிடமும் வாங்குவதில்லை என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கும் பாசிட்டிவ் வருகிறது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வேறு எந்த வழியாக வருகிறது? அடுத்து, சிகிச்சையை முழுதாக முடித்தவருக்குப் பிறகு எப்போதாவது கார்டு டெஸ்ட் (சிறு அட்டையில் உடனே முடிவு காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்தால் மறுபடி பாசிட்டிவ் காட்டுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? "முதல்ல போதையை விட்டுட்டு வா, அப்புறம் ஈரலைப் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவது மருத்துவப்படி சரியா? பிளீச்சில் கழுவுவது, நெருப்பில் காட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு நேர்மையான பதில் என்ன?

சகபயணி_கு:

முதல் கேள்விக்கு எழுதுகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. "சிரிஞ்சைப் பகிர்ந்தீர்களா" என்று கேட்டால், "இல்லை" என்பது உண்மையான பதில். கேள்விதான் போதாது.

சரக்கைப் பங்கு போடும் அந்தச் சில நிமிடங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மூன்று பேர் காசு சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சிரிஞ்ச் கையில் இருக்கிறது. ஒருவர் தன் சிரிஞ்சால் பொதுத் தம்ளரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பொருளைக் கரைக்கும் சிறு மூடியில் விடுகிறார். அந்தச் சிரிஞ்ச் காலையில் ஒருமுறை அவரே போட்டுக்கொண்டது. அதே சிரிஞ்சால் கலக்குகிறார். வடிகட்ட ஒரு துண்டுப் பஞ்சு போட்டு, மொத்தத்தையும் தன் சிரிஞ்சில் இழுத்துக் கோடு பார்க்கிறார், மூவருக்கும் சமமாகப் பிரிக்க. பிறகு மற்ற இருவர் பங்கையும் அவரவர் சிரிஞ்சுக்குள் பீய்ச்சுகிறார், அல்லது மூடியிலேயே திரும்ப விடுகிறார். இதில் யாரும் யாருடைய ஊசியையும் குத்திக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று பேர் உடம்பிலும் போனது முதல் ஆளின் பழைய சிரிஞ்சுக்குள் போய் வந்த கரைசல். அவருக்கு வைரஸ் இருந்தால் அது எல்லோருக்கும் போகிறது.

தம்ளரையும் கவனியுங்கள். போட்டு முடித்ததும் சிரிஞ்சைக் கழுவ அதே தம்ளரில் தண்ணீரை இழுத்து, அதிலேயே பீய்ச்சுவார்கள். அடுத்து வருபவர் கலக்குவதற்கும் அந்தத் தண்ணீரைத்தான் எடுப்பார். ரத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

பஞ்சு இன்னொன்று. உறிஞ்சிய பிறகும் அதில் கொஞ்சம் தங்கும் என்பதால் எடுத்து வைப்பார்கள். சரக்கு கிடைக்காமல் உடம்பு நடுங்கும் நாளில் அந்தப் பழைய பஞ்சுகளை ஒன்றாகப் போட்டு நனைத்துப் பிழிவார்கள். பல பேருடைய சிரிஞ்ச் முனை பட்ட பஞ்சுகள் ஒரே மூடியில் சேருகின்றன. காய்ச்சல் குளிர் வருவதற்கும் இது வழி, ஹெபடைட்டிஸ் சிக்கும் வழி. கையில் கட்டும் ரப்பர், துடைக்கும் துணி, போட்டுவிடுபவரின் விரல் நுனி, இவற்றில் ரத்தம் பட்டு அப்படியே அடுத்த ஆளின் குத்திய இடத்துக்குப் போவதும் உண்டு.

பேச்சில் ஒன்றே ஒன்றை மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள்: பொருளைத் தூளாக இருக்கும்போதே பிரிக்கச் சொல்லுங்கள். அதன்பின் ஆளுக்கு ஒரு மூடி, ஆளுக்கு ஒரு பஞ்சு, ஆளுக்குத் தனித் தண்ணீர். கரைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், கலக்கவும் அளக்கவும் உறையைப் பிரித்த புத்தம்புது சிரிஞ்ச் ஒன்று தனியாக வேண்டும். அதை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது, வேலை முடிந்ததும் நேராக ஊசிப் பெட்டிக்குள். இந்த உபரி சிரிஞ்சையும் கணக்கில் சேர்த்துக் கொடுத்தால்தான் இது நடக்கும். மூன்று பேருக்கு மூன்று சிரிஞ்ச் மட்டும் கொடுத்துவிட்டு அறிவுரை சொல்லிப் பயனில்லை.

களப்பணி_யாழ்:

இது எங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. நன்றி. அடுத்தவர் கையால் போட்டுக்கொள்பவர்கள் பற்றியும் சொல்ல முடியுமா? பெண்கள் பலர் தாங்களே போட்டுக்கொள்வதில்லை.

சகபயணி_கு:

முக்கியமான இடம். துணைவரோ நண்பரோ போட்டுவிடும்போது வரிசை ஒன்று உருவாகிவிடுகிறது. போடத் தெரிந்தவர் முதலில் தனக்குப் போட்டுக்கொள்வார், பெண் இரண்டாவது. முதல் குத்தின் ரத்தம் அவர் விரலில் இருக்க, அதே விரலால் அடுத்த நரம்பைத் தடவிப் பார்ப்பார். எல்லாம் புதுசு, ஆனால் கை பழசு. அதனால் போட்டுவிடுபவர் முதலில் அடுத்தவருக்குப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, பிறகு தனக்குப் போட்டுக்கொள்வது நல்லது. இதைப் பெண்களிடம் மட்டும் சொல்லாதீர்கள். துணைவர் முன்னால் "நீ முதல்ல எனக்குப் போடு" என்று கேட்கிற நிலையில் எல்லோரும் இல்லை. போட்டுவிடுகிறவர்களிடம் நேரடியாகப் பேச வேண்டும். தானாகப் போடக் கற்றுக்கொள்ள விரும்புகிற பெண்ணுக்கு அதற்கான உதவியும் இந்த வேலையின் பகுதிதான்.

ஆய்வக_மேசை:

வைரஸின் குணத்தைச் சொன்னால் மேலே எழுதியது இன்னும் விளங்கும். ஹெபடைட்டிஸ் சி உடம்புக்கு வெளியே எச்.ஐ.வி.யைவிட நிறைய தாக்குப்பிடிக்கும். ஆய்வகச் சோதனைகளில், சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிர்ப்புள்ள வைரஸைக் கண்டிருக்கிறார்கள். உலர்ந்த பரப்பில் அறை வெப்பத்தில் 6 வாரம் வரை, தண்ணீரில் 3 வாரம் வரை. எல்லாச் சிரிஞ்சிலும் அவ்வளவு நாள் இருக்கும் என்று இல்லை. ரத்தத்தின் அளவும் வெப்பமும் கூடினால் குறைந்தால் கணக்கு மாறும். ஆனால் "ரெண்டு நாள் ஆச்சு, காஞ்சு போச்சு, ஒண்ணும் இருக்காது" என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு இது போதும்.

சிரிஞ்சின் அமைப்பும் முக்கியம். பிஸ்டனை முழுக்க அழுத்திய பிறகும் முனையில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். ஊசியைத் தனியாகக் கழற்றி மாட்டும் சாதாரண சிரிஞ்சில் அங்கே 80 மைக்ரோலிட்டருக்கு மேல் திரவம் தங்கும். ஊசி உடலோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் சுமார் 2 மைக்ரோலிட்டர்தான். சிகிச்சை பெறாத ஒருவருக்கு ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் அளவு 10 லட்சம் அலகு இருப்பது சாதாரணம். அப்படியென்றால் ஒரு மைக்ரோலிட்டரில் ஆயிரம். தங்குவது முழு ரத்தம் அல்ல, கலவைதான். இருந்தாலும் 2 எங்கே, 80 எங்கே. கழுவினாலும் இந்த வித்தியாசம் தொடரும்.

எல்லோருக்கும் இன்சுலின் சிரிஞ்சே போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். மேலே உள்ள நரம்புகள் கெட்டுப்போய் ஆழமான நரம்பில் போடுபவர்களுக்கு அந்தக் குட்டை ஊசி எட்டாது, கொள்ளளவும் போதாது. அவர்கள் வேறு வழியில்லாமல் பெரிய சிரிஞ்சுக்கே திரும்புவார்கள். கழற்றி மாட்டும் வகையிலேயே வெற்றிடம் குறைவாக வடிவமைத்த சிரிஞ்சுகளும் ஊசிகளும் இருக்கின்றன. கொள்முதல் செய்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி டெஸ்ட். கார்டு டெஸ்ட் தேடுவது வைரஸை அல்ல, உடம்பு அதற்கு எதிராகத் தயாரித்த ஆன்டிபாடியை. அம்மை இறங்கிய பிறகும் தழும்பு இருப்பதுபோல, வைரஸ் போன பிறகும் ஆன்டிபாடி பல ஆண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். தொற்று வந்தவர்களில் 100-க்கு 15 முதல் 45 பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாக நீங்கிவிடுகிறது. அவர்களுக்கும் கார்டு பாசிட்டிவ்தான். சிகிச்சை முடித்துக் குணமானவருக்கும் பாசிட்டிவ்தான். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: அந்தக் கார்டை வைத்து மருந்து தோற்றது என்று சொல்லவே முடியாது. வைரஸ் இப்போது இருக்கிறதா என்று காட்டுவது வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட், அல்லது அதன் புரதத்தைத் தேடும் கோர் ஆன்டிஜன் டெஸ்ட். ஒருமுறை கார்டில் பாசிட்டிவ் வந்தவருக்கு மறுபடி கார்டு போடுவது வீண், நேராக ஆர்.என்.ஏ.வுக்குப் போக வேண்டும்.

நெகட்டிவ் கார்டிலும் இரண்டு பள்ளங்கள். தொற்று வந்து சராசரியாக 8 முதல் 11 வாரம் வரை ஆன்டிபாடி தெரியாமல் இருக்கும். ஆர்.என்.ஏ. 1 முதல் 2 வாரத்திலேயே தெரிந்துவிடும். எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கு ஆன்டிபாடி உருவாகாமலேயும் போகலாம். ஆபத்து அண்மையில் நடந்திருந்தால், அல்லது எச்.ஐ.வி. இருந்தால், நெகட்டிவ் கார்டை நம்பி அனுப்பிவிடாதீர்கள்.

நடைமுறையில் அதிகம் பேர் விடுபடுவது இந்த இரண்டு டெஸ்டுக்கும் நடுவில்தான். "பாசிட்டிவ், அடுத்த வாரம் வந்து ரத்தம் கொடுங்க" என்றால் பாதிப்பேர் வருவதில்லை. நரம்பு கெட்டவருக்கு ரத்தம் எடுப்பதே வேதனை. நாலு இடத்தில் குத்தி, முகம் சுளித்து, "உனக்கு எங்கேயும் நரம்பே இல்லை" என்று கேட்டுவிட்டு வந்தவர் மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டார். விரல் நுனியில் குத்திய ரத்தத்திலேயே சுமார் ஒரு மணி நேரத்தில் ஆர்.என்.ஏ. முடிவு தரும் கருவிகள் வந்துவிட்டன. அது இல்லாத இடத்தில், விரல் ரத்தச் சொட்டுகளை வடிதாள் அட்டையில் உலரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். குழாயில் ரத்தம் எடுப்பதாக இருந்தால் ஒரே குத்தில் இரண்டு டெஸ்டுக்கும் சேர்த்து எடுத்து, ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் ஆய்வகமே அதே மாதிரியில் ஆர்.என்.ஏ. போடும்படி ஏற்பாடு செய்யுங்கள். நரம்பு எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்பது நல்லது. அவரைவிட அதை நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இல்லை.

பிளீச்_பற்றி:

கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதுச் சிரிஞ்சுக்குப் பதிலாக எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு, புதுசு கிடைக்காத இரவும் வரும் என்பதால் மிச்சத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தன் சிரிஞ்சைத் தானே மறுபடி பயன்படுத்துபவருக்கு இதை முதலில் சொல்ல வேண்டும். தன்னுடையதையே மறுபடி எடுப்பது அடுத்தவருடையதை எடுப்பதைவிடப் பல மடங்கு பரவாயில்லை.

முதலில் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை முழுக்க இழுத்து, குலுக்கி, வேறிடத்தில் பீய்ச்ச வேண்டும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாத வரை திரும்பத் திரும்ப. வெந்நீர் வேண்டாம், அது ரத்தத்தை உள்ளேயே உறையவைக்கும். ரத்தம் மிச்சமிருந்தால் பிளீச்சின் வீரியத்தை அதுவே தின்றுவிடும். அடுத்து, தண்ணீர் கலக்காத பிளீச்சை முழுக்க இழுத்துக் குறைந்தது 30 வினாடி, முடிந்தால் 2 நிமிடம் உள்ளே வைத்துக் குலுக்கி வெளியே தள்ள வேண்டும். கடைசியில் வேறு புதுத் தண்ணீரில் பலமுறை அலச வேண்டும், பிளீச் உடம்பில் போகாமல். மூன்று வேலைக்கும் மூன்று பாத்திரம். வெயிலில் திறந்து கிடந்த பழைய பிளீச்சில் வீரியம் இருக்காது. இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர இல்லாமல் போகாது. உடம்பு வலியில் துடிக்கிற ஒருவர் இருட்டில் உட்கார்ந்து இதை ஒழுங்காகச் செய்வார் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஊசி முனையை நெருப்பில் காட்டுவதால் பயன் கிடையாது. குழாய்க்குள்ளும் வெற்றிடத்திலும் உள்ளது அப்படியே இருக்கும், ஊசிதான் வளையும், முனை கெட்டு நரம்பைக் கிழிக்கும். மூடியைச் சூடாக்குவது வைரஸைக் குறைக்கும், ஆனால் ஆய்வகத்தில் அதற்குக் கரைசல் 65 முதல் 70 டிகிரிக்கு ஏற வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் பிடித்தது. பொருள் கரைந்ததும் நெருப்பை எடுத்துவிடுகிறார்கள், அது சில வினாடிதான். ஸ்பிரிட் பஞ்சு தோலுக்கு மட்டும்: போடுவதற்கு முன் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் சீழ்க்கட்டி குறையும். போட்ட பிறகு ஸ்பிரிட் வைக்கக் கூடாது, ரத்தம் நிற்கத் தாமதமாகும். உலர்ந்த பஞ்சால் அழுத்தினால் போதும்.

மரு_ஈரல்:

மூன்றாவது கேள்வி. போதையை விட்ட பிறகுதான் மருந்து என்பது இன்றைய எந்த முக்கிய வழிகாட்டு நெறியிலும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது: இப்போதும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் சிகிச்சை கொடுக்க வேண்டும். இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் 24 வாரம், 48 வாரம், மன அழுத்தம், காய்ச்சல், ரத்தணுக் குறைவு என்று பல தயக்கங்கள் இருந்தன. அந்தக் காலத்து விதியை மாத்திரைக் காலத்துக்கும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். இது பழக்கதோஷம் மட்டும் அல்ல, ஒருவரின் ஈரலைக் கெடவிடும் அலட்சியம். இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதைய மருந்து: சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் வெல்படாஸ்விர் 100 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். அல்லது சோஃபோஸ்புவிர் 400-உடன் டக்ளடாஸ்விர் 60, சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லாதவருக்கு 12 வாரம். கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் கூட்டு என்றால் பெரும்பாலோருக்கு 8 வாரம், சாப்பாட்டோடு. குணமாகும் வாய்ப்பு 95 சதவீதத்துக்கு மேல். ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களிடமும் மாத்திரையை எடுத்தால் ஏறக்குறைய அதே பலன்தான். போதைக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் மருந்துகளை எடுப்பவர்கள் அவற்றை நிறுத்தவோ அளவை மாற்றவோ தேவையில்லை.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று எச்.பி.எஸ். ஆன்டிஜன் டெஸ்ட் கட்டாயம். சி வைரஸ் அடங்கும்போது மறைந்திருந்த பி கிளம்பி ஈரலைத் தாக்கலாம். பி இல்லாதவருக்குத் தடுப்பூசியை உடனே தொடங்குங்கள். 0, 7, 21-ம் நாள் என்ற வேகமான அட்டவணை இவர்களுக்குப் பொருந்தும், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால் பலர் வரமாட்டார்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை. எச்.ஐ.வி. டெஸ்டும் வேண்டும். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. (ஈரல் நொதிகள்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) நான்கையும் வைத்துக் கணக்கிடும் ஃபிப்-4 போதும். ஸ்கேன் கருவி இல்லை என்று காக்கவைக்கத் தேவையில்லை. அளவு 3.25-க்கு மேல் போனால் முற்றிய தழும்பேற்றம் என்று சந்தேகித்து மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

மற்ற மருந்துகளைக் கேளுங்கள், இங்கேதான் தவறு நடக்கிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமாசெபின் அல்லது ஃபெனிடோயின் எடுப்பவருக்கு இந்த மாத்திரைகள் ரத்தத்தில் போதிய அளவு சேராது, சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்குச் சோஃபோஸ்புவிர் ஆபத்து, துடிப்பு மிகவும் குறைந்துவிடும். வெல்படாஸ்விருக்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல் வகையை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், சாதாரண ஆன்டாசிட் என்றால் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குத் தானாக வாங்கிப் போடும் மாத்திரையை யாரும் மருந்தாகவே கணக்கில் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. தொடர்ந்து ஏழு நாளுக்குள் விட்டிருந்தால் உடனே மறுபடி தொடங்கி முடிக்கலாம். எட்டு நாளோ அதற்கு மேலோ என்றால் தொடங்கிவிட்டு ஆர்.என்.ஏ. பார்த்து முடிவெடுப்போம், முதல் மாதத்துக்குப் பிறகு மூன்று வாரம் தொடர்ந்து விட்டிருந்தால் நிறுத்திவிட்டு 12 வாரம் கழித்துப் பார்ப்போம். எப்படியானாலும், "விட்டுப்போச்சு, திட்டுவாங்க" என்று மறைக்காத அளவுக்கு அவர் நம்மை நம்ப வேண்டும். மாத்திரை தொலைவதும் திருடுபோவதும் வீடில்லாதவர்களுக்குச் சகஜம். 28 நாள் டப்பாவை மொத்தமாகக் கொடுக்காமல் வாரத்துக்கு 7 என்று, புப்ரினார்ஃபின் வாங்க வரும் அதே இடத்திலேயே கொடுத்தால் விட்டுப்போவது குறையும்.

"வந்தா கண்ணு மஞ்சளாகும்" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொற்றியவர்களில் 80 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சோர்வு, பசியின்மை வந்தாலும் அதைச் சரக்கு இறங்கிய சோர்வு என்றுதான் நினைப்பார்கள். நாட்பட்ட தொற்றில் 20 ஆண்டுக்குள் 15 முதல் 30 சதவீதம் பேருக்குச் சிரோசிஸ் வரலாம், குடியும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் சீக்கிரம். கண் மஞ்சளாகும்வரை காத்திருப்பவர் பல சமயம் ஈரல் முற்றிலும் தளர்ந்த பிறகே வருகிறார்.

களப்பணி_யாழ்:

டாக்டர், குணமானவருக்கு மறுபடி வருமா? "ஒரு தடவை வந்து போயிடுச்சு, இனிமே வராது" என்று நம்புகிறார்கள்.

மரு_ஈரல்:

வரும். ஆன்டிபாடி இருப்பது பாதுகாப்பு அல்ல. வைரஸில் பல மரபுவகைகள் உண்டு. அதே வகையும் திரும்ப வரலாம், வேறு வகையும் வரலாம். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. இல்லை என்றால் குணம். அதன்பின் ஊசி தொடர்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஆபத்து அதிகம் என்றால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். மறுபடி வந்தால் மறுபடி மருந்து, முதல் தடவைபோலவே. அதைத் தண்டனையாகத் தள்ளிப்போடக் கூடாது. மறுதொற்றைக் குறைக்க உருப்படியான வழி, சேர்ந்து போடுபவர்களை ஒன்றாகப் பரிசோதித்து ஒரே சமயத்தில் மருந்து தொடங்குவது. கணவனுக்கு மட்டும் குணமாக்கி மனைவியை விட்டுவைத்தால் மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். சிரோசிஸ் வந்த பிறகு குணமானவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும், புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர அடியோடு போகாது.

பொருள்_கணக்கு:

மருத்துவர் சொன்னதோடு ஓர் எண்ணிக்கை விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்த இலக்கு, ஊசி போடும் ஒருவருக்கு ஆண்டுக்கு 300 சிரிஞ்ச். தினம் மூன்று முறை போடுபவருக்கு 1,095 வேண்டும். அதனால் "ஒரு ஆளுக்கு இத்தனை" என்று வரம்பு வைப்பதும், பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்பதும் வேலைக்கு ஆகாது. போலீஸுக்குப் பயந்து பழசைத் தூக்கி எறிந்தவர் வெறுங்கையோடு திரும்பி, அன்றிரவு யாருடையதையாவது எடுப்பார். நேரில் வராத நண்பர்களுக்காக வாங்கிப்போகிறவருக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

சிரிஞ்சை மட்டும் கொடுக்காமல் அதே எண்ணிக்கையில் மூடி, பஞ்சு, சிறு தண்ணீர்க் குப்பி சேர்த்துக் கட்டுங்கள். குப்பி ஒருமுறை திறந்தால் முடிந்துபோகும் அளவில், சில மில்லி மட்டும் இருக்க வேண்டும். பெரிய பாட்டில் கொடுத்தால் அது பொதுத் தம்ளர் ஆகிவிடும். எல்லாச் சிரிஞ்சும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் தரையில் வைத்ததும் மாறிப்போகும். பல நிறப் பிஸ்டன் உள்ளவை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நிற டேப் சுருளும் ஒரு மார்க்கரும் போதும். சிரிஞ்சின் உடலில் எழுதினால் கைபட்டு அழியும், பிஸ்டன் தலையில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். இருட்டில் விரலால் தடவினாலும் தெரியும்.

மாற்று மருந்துச் சிகிச்சையையும் சிரிஞ்ச் திட்டத்தையும் தனித்தனி அலுவலகமாகப் பிரிக்க வேண்டாம். மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் மட்டுமே புதுத் தொற்றைப் பாதியாகக் குறைக்கிறது. அதோடு போதிய சிரிஞ்சும் கிடைத்தால் நான்கில் மூன்று பங்கு குறைகிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. சிறைக்குப் போனவருக்கு இந்த மருந்து அறுந்துவிடுகிறது, உள்ளே புதுச் சிரிஞ்சும் கிடையாது. வெளியே வந்த முதல் வாரங்களில் அவரைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

களப்பணி_யாழ்:

கடைசியாக ஒன்று. நேற்றிரவு தெரியாமல் அடுத்தவர் சிரிஞ்சை எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்று ஒருவர் வந்தால் என்ன செய்ய வேண்டும்? எச்.ஐ.வி.க்கு இருப்பதுபோல உடனே போடும் மாத்திரை இதற்கு உண்டா?

ஆய்வக_மேசை:

ஹெபடைட்டிஸ் சி-க்கு அப்படித் தடுப்பு மாத்திரை இல்லை. ஆனால் அவரை அன்றே அனுப்ப வேண்டிய காரணம் இருக்கிறது: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் அதையும் அன்றே, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். குத்திய இடத்தைப் பிதுக்கவோ பிளீச் ஊற்றவோ வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும்.

சி-க்கு அன்றைக்கே ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துக் குறித்து வையுங்கள். ஏற்கெனவே இருந்ததா என்பதற்கு அது ஆதாரம். அது பாசிட்டிவ் என்றால் உடனே ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுங்கள். ஆன்டிபாடி நெகட்டிவ் என்றால் 3 முதல் 6 வாரத்துக்குள் ஓர் ஆர்.என்.ஏ., பிறகு 4 முதல் 6 மாதத்துக்குள் மறுபடி ஆன்டிபாடி, தேவைப்பட்டால் அதே மாதிரியில் ஆர்.என்.ஏ. டெஸ்ட். நடுவில் ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் ஆனால், தானாகப் போகிறதா என்று ஆறு மாதம் காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை, மருந்தை அப்போதே தொடங்கலாம். அதுவரை ரத்த தானம் கூடாது. ரேசர், பல்துலக்கும் பிரஷ் தனி. சேர்ந்து சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் பரவாது என்பதை வீட்டாரிடமும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த டெஸ்ட் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துபோகும். சிரிஞ்ச் வாங்க வரும் பதிவேட்டில் அவர் அடையாள எண்ணுக்கு நேரே நீங்களே எழுதிவைத்து, அன்று அவர் வரும்போது விரலைக் கேளுங்கள்.